மூன்றாம் பாகம் உங்களிடம்தான் இருக்கிறது

அன்புள்ள மாடிவீட்டு அக்காவுக்கு,

நீங்கள் கோவைக்குக் குடிபோன பிறகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் கூடிக்கொண்டுதான் இருக்கிறோம். பாய், பிளாஸ்க் டீ, கொசுவர்த்தி எல்லாம் அப்படியே. பேச்சுதான் மாறிவிட்டது. "கண்டிப்பா படிக்கணும்" என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், மற்றவர்கள் போனில் குறித்துக்கொள்கிறார்கள். போன வாரம் என் போனில் எண்ணிப் பார்த்தேன், 41 இருந்தது. படித்தது இரண்டு.

நீங்கள் பெயர் சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. புத்தகத்தையே கொண்டுவந்து கையில் வைப்பீர்கள். 2019 ஜூனில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றேனே, நினைவிருக்கிறதா? இறங்கி வந்து அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைக் கொடுத்து, "லாரி வர்றதுக்குள்ள பாதி முடிச்சிடலாம்" என்றீர்கள். முக்கால்வாசி முடிந்தது. ஜமுனாவும் டீச்சரம்மாவும் இதே சென்னையில் தண்ணீருக்குப் படுகிற பாட்டை, என் பச்சைக் குடத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே படித்தேன். அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து நம் வில்லிவாக்கத்துக்கே ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் என்றார்கள். எனக்கென்னவோ அந்த நாவலுக்கு யாரோ இன்னொரு அத்தியாயம் எழுதிச் சேர்த்ததுபோல இருந்தது.

சரி, சூட்சுமம் பிடிபட்டுவிட்டது, அவரவர் வாழ்க்கைக்கு ஒட்டியதைக் கொடுத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

முனையில் அயர்ன் வண்டி வைத்திருக்கிறாரே அண்ணாச்சி, அவர் இப்போது நம் கூட்டத்துக்கு வருகிறார். தூத்துக்குடிக்காரர், அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். விடுவேனா? ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' எடுத்துக் கொடுத்தேன். அந்த ஊருக்கே போய் அளத்து ஆட்களோடு பழகி எழுதியது என்று பெருமையாக ஒரு முன்னுரை வேறு. மூன்றாம் நாள், இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு மேல் புத்தகமும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.

"நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. எங்கம்மை கால் வெடிப்பப் பாத்து வளந்தவன் நான். மறுபடியும் எதுக்கு?"

என்ன சொல்வது? டீயை நீட்டினேன். எனக்குத் தண்ணீர்க் கஷ்டம் ஒரு கோடையோடு போயிற்று, அதனால் நாவலாகப் படிக்க முடிந்தது. அவருக்கு அது அப்படிப் போகிற விஷயமா?

அப்புறம் அவரே நீங்கள் விட்டுப்போன புத்தகப் பெட்டியைத் துழாவி, சாண்டில்யனின் 'கடல் புறா' முதல் பாகத்தை எடுத்தார். தடிமனைப் பார்த்து நானே பயந்த புத்தகம். பத்தே நாளில் முடித்துவிட்டார்! கரிப் பெட்டி ஆறுகிற நேரமெல்லாம் இளைய பல்லவனோடு கப்பலில்தான் இருக்கிறார். "கடல்னா எங்களுக்கு உப்புதான் தம்பி, இவன் என்னமா போறான் பாருங்க" என்று வேட்டி வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கதை சொல்கிறார். என் வெள்ளைச் சட்டையின் காலரில் ஒரு கருகல் விழுந்ததும் இந்த வாரம்தான். கேட்கவில்லை.

இரண்டாம் பாகம் பாதி தாண்டிவிட்டது. மூன்றாவது பெட்டியில் இல்லை. கிளை நூலகத்திலும் கேட்டேன், முதல் இரண்டுதான் இருக்கிறதாம். உங்கள் சாமான்களோடு கோவைக்கு வந்திருக்க வேண்டும், அலமாரியில் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கூரியரில் போட்டுவிடுங்கள் அக்கா. செலவை ஜிபேயில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கீழ்வீட்டுத் தம்பி