பதினாறு இடது கால்கள்

இன்று காலை முகத்துக்குச் சோப்பு போட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சுவரைப் பிடிக்காமல் நின்றேன். சோப்பு போகக் கழுவி முடிக்கும் வரை நின்றேன். வெளியே வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். தலைகூட இன்னும் துவட்டவில்லை.

மார்ச் மாதத்திலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கிக் கைகாலை முடக்கும் கில்லன் பாரே நோயின் பெயரை எங்கள் தெருவுக்கே மனப்பாடம் செய்ய வைத்தவள் நான். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதற்காக ரத்தக்குழாயில் ஏற்றும் ஐவிஐஜி மருந்துக்கு இரண்டே நாளில் பணம் திரட்டிய பழைய மாணவர்கள், பெரியாஸ்பத்திரி ஐசியு நர்ஸ்கள், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த ஸ்டாஃப் ரூம் தோழிகள், என் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் தன் தலையில் போட்டுக்கொண்ட கணக்கு டீச்சர், எனக்காக எந்தெந்தச் சாமிக்கோ நேர்ந்துகொண்டவர்கள்: உங்கள் எல்லோர் வீட்டுக்கும் ஒருநாள் வருவேன். ஆட்டோ பிடிக்காமல், நடந்தே வருவேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு துடைக்கும் அக்காவுக்கு. "பேரு கீரு போட்டீங்க, நாளையிலருந்து வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்தபோது காலில் பலம் திரும்பியிருந்தது. வராதது வேறொன்று. பிசியோ தம்பி என்னைக் கண்ணை மூடச் சொல்லி, கால் கட்டைவிரலை இரு பக்கமும் பிடித்து லேசாக அசைத்தார். "மேலயா, கீழயா, டீச்சர்?" பத்து முறை கேட்டார். நாலுதான் சரி. காசைச் சுண்டிப் போட்டுப் பதில் சொல்லியிருந்தால்கூட அஞ்சு வந்திருக்கும். விரலை மேலும் கீழுமாகப் பிடித்தால், அழுத்தம் எந்தப் பக்கம் என்பதை வைத்தே சொல்லிவிடலாமாம். அதனால்தான் பக்கவாட்டில் பிடிக்கிறார்கள். காப்பியடிக்க வழியே இல்லாத பரீட்சை.

விழாமல் நிற்பதற்குக் கண்ணும் உள்காதும் மட்டும் போதாது. கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று தசையும் மூட்டும் பாதத்துத் தோலும் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அந்தத் தபால் வருவது நின்றுபோயிருந்தது. கண் திறந்திருக்கும் வரை குனிந்து பார்த்துப் பார்த்துச் சமாளிப்பேன். கரண்ட் போனால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். ஒரு செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வாசல் வரை போயிருக்கிறேன். "அதான் நடக்குறீங்கள்ல, அப்புறம் என்ன?" என்று ஒரு டாக்டரே கேட்டார். அவரை விடுங்கள்.

தம்பி கொடுத்தது பிரெங்கல் பயிற்சி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஒருவர் நூறு வருடத்துக்கும் முன்னால், இதே மாதிரி காலின் இருப்பிடம் தெரியாமல் தவித்தவர்களுக்காக உருவாக்கியது. தரையில் பாதங்களை வரைந்து, கண்ணால் பார்த்தபடி, வாய்விட்டு எண்ணி, மெதுவாக ஒவ்வொன்றின் மேலும் காலை வைக்க வேண்டும். அவசரமே கூடாது. ஹாலிலிருந்து அடுப்படி வரை சாக்பீஸால் பதினாறு பாதம் வரைந்துவிட்டுப் போனார். மறுநாள் அக்கா வீடு துடைத்தார். பதினாறும் போயிற்று. தம்பி வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், எனக்கோ குனிய முடியாது. அழித்துவிட்டீர்களே என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் முகத்தில் என்னவோ தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் காலை எழுந்து வந்தால், ரெட் ஆக்சைடு தரையில் வெள்ளை வெளேரென்று குட்டிக் குட்டிப் பாதங்கள். கோகுலாஷ்டமிக்குப் போடுவோமே, அரிசி மாவில் முஷ்டியைத் தோய்த்து அழுத்தி, மேலே விரல் நுனியால் அஞ்சு பொட்டு. அதேதான். என் கால் எட்டாம் நம்பர். கண்ணன் காலில் நான் எங்கே நிற்பது? ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா கொஞ்சம் முறைத்துவிட்டு, வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்து வந்து தரையில் வைத்து, மாவில் நனைத்த துணியால் சுற்றி வரைந்தார். ஒற்றைச் செருப்பை வைத்தே எல்லாவற்றையும் வரைந்ததால் பதினாறும் இடது கால்.

அன்றிலிருந்து தினமும் துடைப்பார், ஃபேனில் காயவிடுவார், வரைவார். எறும்பு வந்தது. கோலப்பொடிக்கு மாறினார், வழுக்கும் என்று தம்பி தடுத்தார். மறுபடி மாவுக்கே வந்து மஞ்சள்தூள் கலந்தார். எறும்பு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். நான் அப்போது காலை அகட்டி வாத்து மாதிரி நடப்பேன். வாரத்துக்கு இரண்டு விரற்கடை நெருக்கலாம் என்று தம்பி சொன்னதை அக்காவே கேட்டு வைத்துக்கொண்டு, விரலால் அளந்து அளந்து நெருக்கினார். அடுப்படியில் பாத்திரம் தேய்த்தபடியே என்னோடு சேர்ந்து "ஒண்ணு... ரெண்டு..." எண்ணுவார். என் சத்தம் நின்றால் குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்ப்பார்.

ஜூலையில் பாதங்கள் ஒரே கோட்டுக்கு வந்துவிட்டன, ஒரு பாதத்தின் விரலை ஒட்டி அடுத்த பாதத்தின் குதிகால். அப்புறம் பழைய மெத்தைத் துண்டின் மேல் நிற்பது. அப்புறம் சுவர் மூலையில், முன்னால் நாற்காலி போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நிற்பது. அங்கே ஆரம்பித்ததுதான் இன்றைய சோப்பு.

இதையெல்லாம் யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. தினமும் அரைமணி நேரம் கூடுதல், அடுத்த வீட்டில் தாமதத்துக்குப் பேச்சு வேறு வாங்கியிருக்கிறார். கூடப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கதைக்கு அழகாக இருந்திருக்கும். அவருக்கும் வீட்டு வாடகை இருக்கிறது.

இன்னும் இருட்டில் பயம் போகவில்லை. கட்டைவிரல் பரீட்சையில் போன வாரம் எட்டு.

இந்தக் கோகுலாஷ்டமிக்கு அக்கா வீட்டில், வாசலிலிருந்து சாமி படம் வரை கண்ணன் பாதம் நான்தான் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழ முடியுமா என்று தம்பியிடம் கேட்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

"போடுங்க டீச்சர். ஒரே காலாப் போட்றாதீங்க."