ஓடைக்கரைக் கப்பு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மழை, மகள் பிரசவம் என்று நாள் ஓடிவிட்டது. பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் சேயும் நலம். ஓய்வு பெற்று என்னடா செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே, பூச்சி எண்ணுகிறேன்.

சிரிக்காதே. தண்டிக்குடித் தோட்டத்தில் மூன்று இடங்களில், ஓடுகிற பூச்சி தவறி விழட்டும் என்று பிளாஸ்டிக் கப்புகளைப் புதைத்தேன்: பீன்ஸ் பாத்தி, காப்பி, அப்பா காலத்திலிருந்தே அரிவாள் படாத ஓடைக்கரை மூலை. கப்பின் வாய் மண் மட்டத்துக்கு இருக்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நின்றாலும் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே சோப்புத் தண்ணீர். வெறும் தண்ணீர் என்றால் சின்னப் பூச்சிகள் மேலேயே நடந்து தப்பிவிடும். முதல் ராத்திரி மழையில் எல்லாம் நிரம்பி வழிந்துவிட்டது. அப்புறம் பாக்குமட்டைத் தட்டைக் குச்சியில் நிறுத்திக் கூரை போட்டேன்.

பீன்ஸ் கப்பில்தான் கூட்டம். மருந்தடிக்கிற நிலத்திலா இத்தனை என்று திகைத்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டிப் பிரித்தால், பெரும்பாலும் ஒரே சாதி எறும்பு! ஓடைக்கரைக் கப்பில் மொத்தமே கொஞ்சம்தான். ஆனால் ஒன்றைப் போல ஒன்று இல்லை. கூரைத் தட்டுக்கு அடியில் ஒரு வண்டு உயிரோடு உட்கார்ந்திருந்தது. அரைச்சட்டை போட்டதுபோல் இறக்கை மூடி பாதி முதுகோடு நின்றுவிட்டது. குச்சியால் தொட்டேன், தேள் மாதிரி வாலைத் தூக்கியது. கொடுக்கெல்லாம் கிடையாது, சும்மா மிரட்டல்.

காப்பி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் என்று நினைத்தேன். ஓடைப் பக்கம்தான் சாய்ந்தது. பலா, ஆரஞ்சு, முள்முருங்கை நிழல். சருகை நாம் அள்ளுவதும் இல்லை. காட்டுமாடு வேலியை உடைத்து வந்து சாணி போட்டால், மறுநாளே உருட்டுகிற வண்டு ஆஜர். வேலிச் செலவு மட்டும் என் தலையில்! நிழல் காப்பியையும் பீன்ஸையும் 'விவசாய நிலம்' என்று ஒரே கணக்கில் எழுதுவது தப்பு என்றே படுகிறது.

கப்பில் விழுவது தரையில் ஓடுகிறவைதான். பூமழை, அதாவது மொட்டை மலர்த்துகிற மழை, பெய்து காப்பி பூக்கும்போது வருகிற தேனீ இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பங்குனி வரை பொறுக்க வேண்டும். ஓடைக்கரையைச் சுத்தம் செய்து சௌசௌ பந்தல் போடலாம் என்கிறான் தம்பி. இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் கோத்தகிரித் தேயிலையிலும் ஆறு கப்பு வையேன். கவாத்து செய்த, அதாவது செடியை வெட்டிவிட்ட, இடத்தில் மூன்று, சோலை ஓரம் மூன்று. சிவப்புச் சிலந்தியைப் பூச்சிக் கணக்கில் சேர்த்துவிடாதே, அதற்கு எட்டுக் கால். காப்பிக் காய்த்துளைப்பான் வண்டை இந்தியாவில் முதன்முதலாக 1990-இல் கண்டது உங்கள் நீலகிரிக் கூடலூரில்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் பாக்குமட்டைத் தட்டு வேண்டுமானால் சொல், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்