தேன் காலமும் பட்டமளிப்பு விழாவும்

பல்கலைக்கழக ஒளிப்பதிவுப் பிரிவுகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நீலகிரிச் சரிவில் தேனெடுக்கும் குறும்பர் பழங்குடி மக்களிடையே சில ஆண்டுகள் ஆய்வு செய்தவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம்.

மலைத்தேன் எடுப்பது கோடையில். அப்போது ஒளிப்பதிவுப் பிரிவில் போய்க் கேட்டால், கேமரா பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருக்கிறது, ஆடியில் வாருங்கள் என்றார்கள். ஆடி மழையில் பாறையில் ஏது தேனடை?

மறுவருடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குழுவை அழைத்துப் போனேன். இருட்டியதும் ஒளிப்பதிவாளர் விளக்கைப் பொருத்தப் போனார். ஒரு பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். கலைந்த தேனீ வெளிச்சத்தைத் தேடித்தான் பாயும். கொடி ஏணியில் தொங்குகிறவர் மேல் விளக்கடித்தால் அவர் கதி என்ன? விளக்கில்லாமல் படமில்லை என்று குழு மூட்டை கட்டிவிட்டது. ஏணியில் இருந்தவர் பாடியதையும், மேலே ஏணியைக் கட்டிய முடிச்சைக் காத்து நின்ற மைத்துனர் எதிர்க்குரல் கொடுத்ததையும் என் கைப்பேசியில்தான் பதிந்தேன். நல்ல ஒலிப்பதிவுக் கருவி ஒன்று போதும், ஐயா. அதைத் தர யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் ஒப்புதல் படிவம். முழுக்க ஆங்கிலம், கீழே கைநாட்டு. “எதுக்கு தம்பி, நிலத்தை எழுதி வாங்கவா?” என்று ஓர் அக்கா கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவர்கள் மொழியிலேயே பேசி, சம்மதத்தைக் குரலாகப் பதிந்தால் என்ன?

1966-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சோல் வொர்த்தும் மானுடவியலாளர் ஜான் அடேரும், அமெரிக்காவில் அரிசோனாவின் பைன் ஸ்பிரிங்ஸில் நவஹோ பழங்குடி மக்கள் கையிலேயே 16 மி.மீ. கேமராவைக் கொடுத்தார்கள். முன்னதாக அனுமதி கேட்கப் போனபோது சாம் யாசி என்ற பெரியவர், படமெடுத்தால் ஆடுகளுக்குக் கெடுதல் வருமா என்று கேட்டார். வராது என்றார்கள். நல்லது நடக்குமா? அதுவும் இல்லை. பிறகு எதற்குப் படம் என்றார். உங்கள் விண்ணப்பத்தில் எத்தனையோ கட்டங்கள் இருக்கின்றன, இந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை.

படத்தொகுப்பு மேசையில் அந்த ஊர் இளைஞர் ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வையுங்கள். எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்பதை ஊர் சொல்லட்டும். முதல் பிரதி ஊருக்கு.

அன்று பகலில் எங்கள் குழு எடுத்த இரண்டு மணி நேரப் பதிவு இன்னும் ஹார்டு டிஸ்க்கில், அலமாரிக்குள் கிடக்கிறது. ஊரார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான்கு முறை எழுதிவிட்டேன். பென்டிரைவ்தான் சிக்கல் என்றால் நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஆய்வு மாணவன்