நாலு பத்துக்கு மணி அடித்த பிறகு

பெறுநர்: தமிழ்நாடு அரசின் பள்ளிக் கல்வித் துறை, சமூக நலத் துறை.

வணக்கம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். எங்கள் லைன் வீட்டில் பதினோரு வாசல். எட்டு வீட்டில் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஆர்டர் நெருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட். வெளியே வர ராத்திரி எட்டாகிவிடும். பள்ளிக்கூடம் விடுவது நாலு பத்துக்கு. இடையில் கிடக்கும் அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலாம் வகுப்பு. சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்து யூனிஃபார்முக்குள்ளே போட்டிருப்பாள். வெளியே தெரிந்தால் வீட்டில் ஆளில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். வந்ததும் ஒன்றாம் வகுப்புத் தம்பியை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவாள், டிவியைப் போடுவாள். கேஸைத் தொடக்கூடாது என்பதால் காலையில் வடித்த சோறுதான், தயிர் ஊற்றி. போன மழைக்காலத்தில் ஒருநாள் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள எங்கள் கம்பெனியில் விடமாட்டார்கள். எட்டரைக்கு நாங்கள் வந்து பார்த்தபோது, அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி உட்கார்ந்திருந்தாள். "அம்மா இப்படித்தான் போடும்" என்றாள்.

அங்கன்வாடி ஆறு வயதோடு முடிகிறது. 1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் அறை கேட்டது. அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தி, ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் க்ரெச், அதாவது குழந்தைகள் காப்பகம், வேண்டும் என்றார்கள். (நான் முன்பு இருந்த கம்பெனியில் அந்த அறை பூட்டியே கிடக்கும். துணி வாங்கும் பையர் கம்பெனிக்காரர்கள் ஆடிட் என்று சோதனைக்கு வரும் அன்று தொட்டிலைத் துடைத்துப் பொம்மைகளை அடுக்குவார்கள்.) சரி, அது நன்றாகவே நடந்தாலும் ஏழு வயதுப் பிள்ளை எங்கே போவது? கல்வித் துறையைக் கேட்டால் பள்ளி நேரம் முடிந்துவிட்டது. சமூக நலத் துறையைக் கேட்டால் ஆறு வயது முடிந்துவிட்டது. ஏழு பிறந்ததும் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடுகிறதா என்ன?

அதனால்தான் டியூஷன். என் மூத்தவனை மாதம் நானூறு ரூபாய்க்கு அனுப்புகிறேன். அவன் அங்கே என்ன படிக்கிறான் என்று நான் கேட்பதே இல்லை. ஏழு மணி வரை ஒரு பெரிய மனுஷி கண்ணில் இருக்கிறான், அதற்குத்தான் அந்தக் காசு. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அப்புறம் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த நாட்களில் நானும் தன்னார்வலராக இருந்தேன். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் வாசலில் பாய் விரித்து இருபது பிள்ளைகள். அவர்களில் மூன்று பேர் ஒடிசாக்காரப் பிள்ளைகள். பாட்டும் விளையாட்டுமாகவே தமிழ் பேசிவிட்டார்கள். வகுப்பு முடிந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். "அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்" என்பார்கள். வீடு பூட்டியிருக்கும் என்று எனக்கும் தெரியும். கொரோனாவில் விட்டுப்போன படிப்புக்காக வந்த திட்டம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது ஆள்.

கட்டடம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கிறது, நாலரைக்குப் பூட்டுகிறீர்கள். எட்டு வரை திறந்து வையுங்கள். சத்துணவு 1982-இலிருந்து போடுகிறீர்கள், 2022-இல் காலைச் சாப்பாடும் வந்தது. சாயங்காலத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அவிப்பது பெரிய காரியமில்லை. கக்கூஸைத் திறந்து வைத்துத் தண்ணீர் வரச் செய்யுங்கள்; பெண் பிள்ளைகளுக்கு அதுதான் முதல். பார்த்துக்கொள்ள ரெண்டு பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளமாகவே கொடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குத் தினம் நாலு மணி நேரம் யாரும் நிலைக்கமாட்டார்கள், நானே நிலைக்கவில்லை. யார் வந்து கூட்டிப்போனார்கள் என்று கையெழுத்து வாங்க ஒரு நோட்டு. அவசரத்துக்குக் கம்பெனிக்குக் கூப்பிட ஒரு நம்பர், அதை எடுத்துப் பேசச் சூப்பர்வைசருக்கு ஒரு உத்தரவு.

ஒன்று மட்டும் வேண்டாம். அதை இன்னொரு வகுப்பாக்கிவிடாதீர்கள். வீட்டுப்பாடம் அரைமணி போதும், மிச்ச நேரம் ஓடட்டும்.

காசுக்குக் கம்பெனிகளையும் கேளுங்கள். தனியாகக் க்ரெச் வைக்க இடமில்லை என்பவர்கள், தலைக்கு இவ்வளவு என்று பக்கத்துப் பள்ளிக்குக் கொடுக்கட்டும். டியூஷனுக்குப் போகும் நானூறில் ஒரு பங்கை நாங்களும் தருகிறோம். மே மாத லீவு என்னும் பெரிய தலைவலியை அப்புறம் பேசலாம்.

சந்தேகமிருந்தால் ஒரு வேலை நாளில் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கள் லைன் வீட்டுக்கு வாருங்கள். ஆடிட் மாதிரி முன்கூட்டியே சொல்லிவிட்டு வரவேண்டாம். கதவைத் தட்டினால் திறக்கமாட்டார்கள், அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். ஜன்னல் வழியாகப் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா,
திருப்பூர்