மைக்ரோ ஆர்என்ஏ மரபணுவை மாற்றுவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான தோல் பராமரிப்புக் கட்டுரையில், மைக்ரோ ஆர்என்ஏக்கள் தோல் செல்களின் மரபணுக்களை மாற்றியமைப்பதாக ஒரு வரி இருந்தது. மேல்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் அதைக் கண்டும் காணாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மைக்ரோ ஆர்என்ஏ மரபணுவில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்துவதில்லை. மரபணுவிலிருந்து படியெடுக்கப்பட்டு, செல்லின் புரத உற்பத்திக் கூடமான ரைபோசோமுக்குச் செல்லும் தூது ஆர்என்ஏவைத்தான் அது மறிக்கிறது. சுமார் 22 நியூக்ளியோடைடுகளே (ஆர்என்ஏவின் எழுத்துகள்) நீளமுள்ள துணுக்கான மைக்ரோ ஆர்என்ஏ, ஆர்கோநாட் என்னும் புரதத்தோடு சேர்ந்து, தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் தனக்குப் பொருந்தும் இடத்தில் பற்றிக்கொள்கிறது. அதன்பின் அந்தத் தூதிலிருந்து புரதம் உருவாவது குறைகிறது, அல்லது தூதே விரைவில் சிதைந்துபோகிறது. கட்டுரை குறிப்பிட்ட 2024 நோபல் பரிசை விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் பெற்றதற்கு அடிப்படையாக அமைந்த 1993ஆம் ஆண்டுப் புழு ஆய்வுகள் காட்டியதும் இந்தத் தடுப்பைத்தான்.

தோலில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு மைக்ரோ ஆர்என்ஏ-203. மேல்தோலின் அடியடுக்கில் உள்ள கெரட்டினோசைட்டுகள் (மேல்தோலின் முதன்மைச் செல்கள்) பிரிந்து பெருகும் திறனை இழக்காமல் இருக்க பி63 என்ற புரதம் வேண்டும். அதே செல் மேலே நகரும்போது பெருகுவதை நிறுத்தி, முதிர்ந்து, கடைசியில் உதிரும் செதிலாக வேண்டும். அடியடுக்கில் மிகக் குறைவாகவும் அதற்கு மேல் மிகுதியாகவும் காணப்படும் இந்த மைக்ரோ ஆர்என்ஏ, பி63இன் தூதை அடக்கி அந்த மாற்றத்துக்கு வழிவிடுகிறது. எலிகளின் அடியடுக்கில் இதை முன்கூட்டியே உண்டாக்கியபோது மேல்தோல் மெலிந்துபோனதை எலெய்ன் ஃபியூக்ஸ் குழுவினர் 2008இல் வெளியிட்டனர். மனிதத் தோல் செல்களிலும் பி63உடன் இதே உறவு காணப்பட்டுள்ளது.

அப்படியானால், செல்கள் கட்டுமீறிப் பெருகும் தோல் நோயான சோரியாசிஸின் படைகளில் இது குறைந்துதானே இருக்க வேண்டும் என்று வகுப்பில் கெட்டிக்கார மாணவன் ஒருவன் கேட்பான். ஆனால் அங்கே இது மிகுந்திருப்பதையே ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2007இல் கண்டார்கள். ஒரே மைக்ரோ ஆர்என்ஏ பல தூதுகளைப் பற்றக்கூடியது. அழற்சிச் சமிக்ஞைகளைக் கட்டுப்படுத்தும் எஸ்ஓசிஎஸ்-3 என்ற புரதமும் இதன் இலக்குகளில் ஒன்று. சோரியாசிஸ் படைகளில் அப்புரதம் குறைந்திருந்ததையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். ஆகவே, கட்டுரையாளர் செய்ததுபோல் மைக்ரோ ஆர்என்ஏக்களை நல்லவை, கெட்டவை என இரு கூடையில் போட முடியாது.

கட்டுரை பரிந்துரைத்த ஆர்என்ஏ களிம்பைப் பற்றியும் ஒரு சொல். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் நம் தோலின் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் ஆர்என்ஏவைக் கையாளுவோர் கையுறை அணிவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நொதிகளுக்குத் தப்பி, இறந்த செல்கள் அடுக்கடுக்காய் இறுகிய வெளியடுக்கைக் கடந்து, உயிருள்ள செல்லுக்குள் நுழைந்தால்தான் வெளியிலிருந்து பூசும் மைக்ரோ ஆர்என்ஏவுக்கு வேலை. இதை அக்களிம்பு எவ்வாறு சாதிக்கிறது என்று கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை.

'மரபணுக்களை மாற்றியமைக்கின்றன' என்பதை 'மரபணுக்களிலிருந்து உருவாகும் புரதத்தின் அளவைக் குறைக்கின்றன' என அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்