முகவரியைப் பேனாவால் எழுத வைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் நிதிப் புலனாய்வு மையத்துக்கும் நிதித்துறை நடத்தை ஆணையத்துக்கும்,

மதிப்புக்குரியீர், டர்பனிலிருந்து வணக்கம்.

2022 அக்டோபரில் கிரிப்டோ எனும் மின்பணத்தை நிதிப் பொருள் என்று அறிவித்தீர்கள். கிரிப்டோவை அனுப்பும்போது அனுப்புபவர், பெறுபவர் விவரமும் கூடவே போகவேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 30 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டத்தில் பெரிய குறையில்லை. கிரிப்டோ திருட்டு நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் அது யாருக்கு உதவுகிறது என்பதே எங்கள் கேள்வி.

ஏமாந்தவர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் தருகிறார். பெரும்பாலும் பேனாவால்தான். பணம் போன வாலட்டின், அதாவது கிரிப்டோ கணக்கின், முகவரியை அதில் எழுதவேண்டும். டிரான் என்ற கிரிப்டோ வலையமைப்பில் அந்த முகவரி 34 எழுத்து. பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு. கையெழுத்தில் பெரிய 'எஸ்' எது, சிறிய 'எஸ்' எது? முகவரிக்குள்ளேயே சரிபார்ப்புக் குறியீடு இருப்பதால், ஓரெழுத்து பிசகினாலும் அப்படியொரு முகவரியே கிடையாது. கிரிப்டோவை வாங்கி விற்கும் பரிமாற்ற நிறுவனத்தால் தேடக்கூட முடியாது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்றால், அதில் முகவரியின் நடுப்பகுதி வெறும் புள்ளிகள். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய 64 எழுத்து அடையாளக் குறியான ஹேஷைக் கேட்டு வாங்கவேண்டும் என்று கவுண்டரில் இருப்பவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

டிரானில் 3 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்பு, பதிவாகிவிடும். வாக்குமூலத்தில் முத்திரை விழுவதற்குள் திருட்டுப்போன யுஎஸ்டிடி (டாலர் மதிப்பையொட்டிய கிரிப்டோ) நாலு வாலட் தாண்டி, பிரிட்ஜ் என்ற இணைப்புச் சேவை வழியாக வேறு செயினுக்கு, அதாவது வேறு கிரிப்டோ வலையமைப்புக்கு, போய்விடும். பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 205-ஆம் பிரிவில் விவரம் கேட்கும் அழைப்பாணை வாங்கி என்ன பயன்? பணமோசடித் தடுப்பில் குறையுள்ள நாடுகளின் சாம்பல் பட்டியலிலிருந்து நாடு 2025 அக்டோபரில் வெளியே வந்ததற்கு வாழ்த்துகள்; திருடர்களும் கொண்டாடியிருப்பார்கள்.

கோபத்தை விட்டுக் கேட்கிறோம். எழுதாமல் ஒட்டக்கூடிய ஓர் இணையப் படிவம் வேண்டும். முகவரி சரிதானா என்று படிவமே சோதிக்கட்டும். அந்தப் பணம் வந்தால் நிறுத்திவைக்கும்படி, ஒரு மணி நேரத்துக்குள் அது உரிமம் பெற்ற எல்லாப் பரிமாற்ற நிறுவனங்களுக்கும் போகட்டும். பிட்காயினைச் செயினில் யாராலும் முடக்க முடியாது, நிறுவனத்தின் வாசலில்தான் பிடிக்கமுடியும். யுஎஸ்டிடியை அதை வெளியிடும் டெதர் நிறுவனமே முடக்கமுடியும், அவர்களுக்கும் அதே நேரத்தில் தகவல் போகட்டும். பொய்ப் புகாருக்கு அஞ்சினால், 72 மணி நேரத்தில் காவல் வழக்கு எண் வராவிட்டால் நிறுத்தம் தானாக நீங்கட்டும்.

சந்தேகப் பரிவர்த்தனையை 10 வேலை நாள்வரை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவில் மையத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதுச் சட்டம் கேட்கவில்லை. அந்தப் படிவத்தைத்தான் கேட்கிறோம், சனி ஞாயிறும் திறந்திருக்கும்படி. தயவுசெய்து தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
டர்பன் தமிழர்கள் சிலர்