சிசேரியன் தையலில் சீழ்: ஊசி எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிசேரியன் ஆன பெண்ணுக்குத் தையல் பிரிந்தது, சீழ் வைத்தது என்று செய்தி வரும்போதெல்லாம் பழி இரண்டு பேர்மேல் விழுகிறது. ஒருவர் அறுவை செய்த மருத்துவர். இன்னொருவர் அந்தத் தாயே: காயத்தில் தண்ணீர் பட விட்டாள், சீக்கிரம் எழுந்து நடந்தாள், சுத்தமாக இருக்கவில்லை. கூடவே, ‘இன்னும் வீரியமான ஆன்டிபயாடிக் போட்டிருக்கலாம்’ என்ற யோசனையும் தவறாமல் வந்துவிடும். வசதி குறைந்த மருத்துவமனைகளில் பிரசவ வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் கிருமிநீக்க அறையிலும் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். காயம் ஆறுமா, சீழ் பிடிக்குமா என்பது பெரும்பாலும் கத்தி படுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும், முந்தைய நாள் ஆட்டோகிளேவ் (கருவிகளையும் துணிகளையும் நீராவியால் கிருமிநீக்கும் இயந்திரம்) ஓடிய விதத்திலும் முடிவாகிவிடுகிறது. இந்த இரண்டைப் பற்றியும் யாரும் எழுதுவதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஊசி. சிசேரியனுக்குத் தடுப்பாகத் தேவைப்படுவது பெரும்பாலும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் ஒன்றுதான். எடையைப் பொறுத்து 1 அல்லது 2 கிராம், ஐ.வி. (ரத்தநாள) ஊசியாக, ஒரே ஒரு முறை, தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள். கீறும் நொடியில் மருந்து திசுவுக்குள் இருந்தாக வேண்டும். அறுவை முடிந்த காயத்துக்குள் உறைந்த ரத்தம், நசுங்கிய கொழுப்பு, தையல் நூல் எல்லாம் கிடக்கும். இவற்றுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. கிருமி அங்கே குடியேறிய பிறகு ரத்தத்தில் எவ்வளவு மருந்தை ஏற்றினாலும் அது போய்ச் சேர வழியில்லை.

முன்பெல்லாம் தொப்புள்கொடியைக் கட்டிய பிறகுதான் ஊசி போடுவார்கள். மருந்து குழந்தைக்குப் போய்விடும், குழந்தைக்குத் தொற்று இருந்தால் அதை மறைத்துவிடும் என்ற பயம். ஆய்வுகளில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை; தாய்க்கு வரும் தொற்று குறைந்தது. கீறலுக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. ஆனாலும் ‘கொடி கட்டினதும் ஊசி’ என்ற பழக்கம் பல தியேட்டர்களில் இன்னும் போகவில்லை.

அவசர சிசேரியனில் கோளாறு வேறு மாதிரி. முடிவெடுப்பது பிரசவ வார்டில், மருந்து இருப்பது தியேட்டர் அலமாரியில், அலமாரிச் சாவி யாரிடமோ. முதுகில் மயக்க ஊசி போட்டு, படுக்க வைத்து, துணி விரித்து முடிக்கும்போதுதான் யாருக்காவது ஆன்டிபயாடிக் நினைவு வரும். இதற்கான தீர்வு மிகவும் எளிது: சம்மதக் கையெழுத்து வாங்குகிற அதே இடத்தில், வார்டு நர்ஸே ஊசியைப் போட்டுவிட்டு நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதட்டும். தியேட்டரில் கீறிய நேரமும் அதன் கீழேயே பதிவாகட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், ‘கடந்த 60 நிமிடங்களுக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா?’ என்ற கேள்வி இருக்கிறது. அதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மொத்தமாக டிக் அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. ஊசி போட்டு 4 மணி நேரம் தாண்டியும் அறுவை நீண்டாலோ, ரத்த இழப்பு 1,500 மில்லியைத் தாண்டினாலோ இன்னொரு டோஸ் தேவை.

அதற்குமேல் ஐந்து நாள், ஏழு நாள் என்று செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக்குகளை ஏற்றுவது ஏன்? தியேட்டர்மேல் நம்பிக்கை இல்லை, அதுதான் காரணம். சிக்கலில்லாத அறுவைக்குப் பிறகு தடுப்பு மருந்தைத் தொடரக் கூடாது என்று 2016-இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. தொடர்ந்தால் கையில் ஊசி ஏற்றிய இடம் வீங்கும், நர்ஸின் நேரம் போகும், வார்டில் மருந்துக்கு மசியாத கிளெப்சியெல்லா கிருமி பெருகும். ஒரு விதிவிலக்கு உண்டு. பிரசவ வலியின்போதே காய்ச்சலும் நாற்றமடிக்கும் பனிநீருமாக, பனிக்குடத்தில் ஏற்கெனவே தொற்று இருந்தால் அது தடுப்பு அல்ல, சிகிச்சை. அதன் மருந்துகளும் அளவும் வேறு.

வலி வந்தபின்போ பனிக்குடம் உடைந்தபின்போ அறுவை செய்தால் கிருமி கீழிருந்து ஏற்கெனவே மேலேறத் தொடங்கியிருக்கும். இவர்களுக்குச் செஃபசோலினோடு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் 500 மில்லிகிராம் ஐ.வி.-யாக ஒரு முறை சேர்த்தபோது, 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் தொற்று 12 சதவீதத்திலிருந்து 6.1 சதவீதமாகக் குறைந்தது. அசித்ரோமைசின் ஐ.வி. இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அறுவைக்குச் சற்று முன், போவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சால் பிறப்புறுப்பின் உட்பாதையை அரை நிமிடம் துடைப்பது. கருப்பைத் தொற்று இதனால் குறைகிறது.

இனி ஆட்டோகிளேவ். பலரும் பார்ப்பது அழுத்த முள்ளை. 15 பவுண்டை (சதுர அங்குலத்துக்கு) தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எண்ணத் தொடங்கிவிடுவார்கள். கொல்வது அழுத்தம் அல்ல, 121 டிகிரி செல்சியஸ் ஈர நீராவி. உள்ளே இருக்கும் காற்று நீராவியைவிடக் கனமானது. அடியில் உள்ள வடிகால் வழியே அது முழுவதும் வெளியேற வேண்டும். வடிகால் சல்லடையில் நூலும் பஞ்சும் அடைத்திருந்தால் காற்று உள்ளேயே தங்கும். அப்போதும் முள் 15 காட்டும். ஆனால் வெப்பம் 121-ஐ எட்டியிருக்காது. ஆகவே வெப்பமானி 121 காட்டிய பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். சுற்றிய மூட்டைகளுக்கு 30 நிமிடம்.

துணியும் கருவியும் வைக்கும் உலோக டிரம்மில் இன்னொரு கண்ணி. பக்கவாட்டுத் துளைகளைத் திறந்து வைத்து உள்ளே வைக்க வேண்டும், வெளியே எடுத்ததும் மூட வேண்டும். அவசரத்தில் மூடியபடியே உள்ளே போன டிரம் சூடாகும், கிருமி சாகாது. வெளியே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்துவிட்டதே என்பார்கள். சூடு பட்டது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்லாது. மூட்டையின் நடுவில் வைக்கும் ரசாயனக் காட்டியும், வாரம் ஒரு முறை ஸ்போர் (கிருமியின் எளிதில் சாகாத வித்து) பரிசோதனையும் இருந்தால்தான் உள்ளே நடந்தது தெரியும். துணி மூட்டை 30×30×50 சென்டிமீட்டருக்குள், 5 கிலோவுக்குள் இருக்கட்டும். ஒரு கை உள்ளே போகிற இடைவெளி விடாமல் அமுக்கி நிரப்பினால் நடுவில் நீராவி போகாது. ஈரமாக வெளியே வரும் மூட்டை கிருமிநீங்கியதாகக் கணக்கில் வராது, ஏனென்றால் ஈரத்துணி மேசையிலிருக்கும் கிருமியை உள்ளே உறிஞ்சிவிடும். கதவைச் சற்றே திறந்து உலரவிடும் அந்தக் கூடுதல் அரை மணி நேரத்தைத்தான் அடுத்த கேஸுக்கு அவசரப்படும்போது முதலில் வெட்டுகிறோம்.

கிருமிநீக்கத்துக்கு முன்னால் கழுவுதல். ரத்தம் காய்ந்த கத்தரியின் கீலுக்குள் நீராவி போகாது. கருவிகளை உடனே சோப்புத் தண்ணீரில் போட்டு, கீல்களைத் திறந்து, தண்ணீருக்கடியில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தியபின் கட்ட வேண்டும். கொதிக்கவைத்தால் ஸ்போர் சாகாது. குளூட்டரால்டிஹைடு 2 சதவீதத்தில் 20 நிமிடம் ஊறவைத்தாலும் சாகாது. அதற்கு 10 மணி நேரம் வேண்டும்.

தண்ணீர் வராத நாளில் எப்படிக் கை கழுவுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாத, உலர்ந்த கைகளில் ஆல்கஹால் திரவத்தை முழங்கைவரை தேய்த்து, ஒன்றரை முதல் மூன்று நிமிடம் ஈரம் குறையாமல் வைத்திருந்து, தானாக உலரவிட்டுக் கையுறை போட்டால் அது அறுவைக்குப் போதும். இந்தத் திரவத்தை மருத்துவமனை மருந்தகத்திலேயே கலக்கலாம். 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, 98 சதவீத கிளிசரால் 145 மில்லி. கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி 10 லிட்டராக்கி, 72 மணி நேரம் மூடிவைத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். எத்தனால் எரியும் பொருள் என்பதை மறக்கக் கூடாது.

தோல் தயாரிப்பில் முதல் தவறு ரேசர். சிரைக்கும்போது விழும் நுண்ணிய வெட்டுகளில் கிருமி பெருகும். முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கிளிப்பரால் கத்தரிக்கலாம். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அயோடின். எதுவானாலும் பூசியபின் முழுவதும் காய வேண்டும். ஆல்கஹால் காயாமல் காட்டரி (ரத்தத்தை நிறுத்தும் மின்சூட்டுக் கருவி) வைத்தால் தீப்பிடிக்கும். பாட்டிலில் மீதி இருப்பதன்மேல் புதிதாக ஊற்றி நிரப்புவதும், மருந்தில் நனைத்த பஞ்சை நாள்கணக்கில் கிண்ணத்தில் வைத்திருப்பதும் ஆபத்து: கிருமிநாசினிக்குள்ளேயே வாழப் பழகிய கிருமிகள் உண்டு. சிறு பாட்டில், திறந்த தேதி எழுதிய சீட்டு, காலியானதும் கழுவி உலர்த்தல், இதுபோதும்.

சிசேரியனுக்கே உரிய ஒரு சங்கடம் பனிநீர். கருப்பையைத் திறந்ததும் அரை லிட்டருக்கு மேல் கூடக் கொட்டும். பருத்தித் துணி நனைந்த கணத்திலிருந்து அது தடுப்பு அல்ல, திரி. கீழேயுள்ள தோலிலிருந்தும் மேசையிலிருந்தும் கிருமி அதன்வழி மேலேறும். துணிக்கடியில் நீர் புகாத ஷீட் ஒன்றும், நனைந்ததும் மேலே விரிக்க உலர்ந்த துணி ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். மருத்துவரின் கவுன் வயிற்றருகே நனைந்தால் அதற்கும் இதே கதிதான்.

அறுவையின்போது நஞ்சுக்கொடியைக் கையை உள்ளே விட்டுப் பிரிக்காமல், தொப்புள்கொடியை மெல்ல இழுத்து வெளியே எடுத்தால் கருப்பைத் தொற்று குறைகிறது. தோலடிக் கொழுப்பு 2 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அந்த அடுக்கையும் தைத்து மூட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வெற்றிடத்தில் நீர் கோத்துத் தையல் பிரியும். தோலுக்கு ஸ்டேப்பிளைவிட நூல் நல்லது.

டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினி பூசிய விலை உயர்ந்த நூல் வாங்கலாமா என்று நிர்வாகம் கேட்கும். 7 வளரும் நாடுகளில் 54 மருத்துவமனைகளில் 5,788 பேரிடம் வயிற்று அறுவைகளில் சோதித்த ஃபால்கன் ஆய்வு 2021-இல் வெளியானது. சாதாரண நூலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதே வகை நாடுகளில், சிசேரியன் அல்லாத வயிற்று அறுவைகளில், காயத்தை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றிப் பார்த்தார்கள். 2022-இல் வெளியான அந்தச் சீட்டா ஆய்வில் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. சிசேரியனில் இது நேரடியாக நிரூபணமாகவில்லை என்றாலும், நூலுக்குப் போகும் பணத்தைக் கூடுதல் கையுறைக்கும் இன்னொரு செட் கருவிக்கும் செலவிடுவது புத்திசாலித்தனம் என்றே நினைக்கிறோம்.

எண்ணிக்கைக்கு வருவோம். அறுவைத் தொற்று என்பது 30 நாள்வரை கணக்கில் வரும். தாய்மார்கள் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். காயத்தில் சீழ் பெரும்பாலும் நான்காம் நாளுக்குப் பிறகுதான் தலைகாட்டும். வார்டுப் பதிவேட்டை மட்டும் வைத்து ‘எங்கள் மருத்துவமனையில் தொற்று ஒரு சதவீதம்தான்’ என்று சொல்பவர், உண்மையில் எண்ணவே இல்லை. பத்தாம் நாளும் முப்பதாம் நாளும் ஒரு போன் போட்டு நான்கு கேள்வி கேட்டால் போதும்: காய்ச்சல் உண்டா, காயத்திலிருந்து ஏதாவது வடிகிறதா, எங்காவது திறந்திருக்கிறதா, வேறு இடத்தில் மருந்து வாங்கினீர்களா.

உடனே திரும்பி வர வேண்டிய இந்த அறிகுறிகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கட்டும்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, பரவும் சிவப்பு, மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடிக்கொண்டே போகும் வலி. முதல் 48 மணி நேரத்திலேயே கடும் காய்ச்சலும் வேகமான நாடியும் வந்தால், காயம் பார்க்க நன்றாக இருந்தாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். காயத்தின் தோற்றத்துக்குப் பொருந்தாத அளவு வலி, தோல் கருத்துப்போதல், அமுக்கினால் நறநறவென்ற உணர்வு ஆகியவை இருந்தால் திசு அழுகுகிறது என்று பொருள். மணிக்கணக்கில் காத்திருக்க இடமில்லை.

திரும்பி வரும் தாயை வெளிநோயாளி வரிசையில் நிறுத்தாமல் நேரே மகப்பேறு வார்டுக்கு அனுப்ப வேண்டும். சீழ் இருந்தால் மாத்திரை எழுதி அனுப்புவது சிகிச்சை ஆகாது. அந்த இடத்தில் தையலைப் பிரித்து, சீழை வெளியேற்றி, ஆழத்திலிருந்து கல்ச்சருக்கு (கிருமிப் பரிசோதனைக்கு) எடுத்து, சலைனால் கழுவி, தினமும் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டும். சுற்றிலும் சிவப்போ காய்ச்சலோ இருந்தால் மட்டும் ஆன்டிபயாடிக். பிரித்த கையோடு அடியிலுள்ள தசையுறைத் தையல் பிடித்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள்வரை திடீரென்று இளஞ்சிவப்பு நீர் டிரெஸ்ஸிங்கை நனைத்தால் அந்தத் தையல் விட்டுப்போனதன் அடையாளம் அது. அவரை டிரெஸ்ஸிங் அறைக்கு அனுப்பாமல் நேரே தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு அறுவைப் பிரிவில் பணிபுரியும் செவிலியர்களும் மருத்துவர்களும்